அரைச்சுத்துக்காரர் வீட்டு வயர்

எங்கள் தெருவில் குழாய் வேலை செய்கிற ஒருவர் இருக்கிறார். வீட்டில் வைத்த பெயர் என்னவோ இருக்கும்; தெரு வைத்த பெயர் அரைச்சுத்து. எந்தக் குழாயை மாட்டினாலும், முறுக்கி முடித்து, ஸ்பேனரைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகும் அவருக்கு மனசு ஆறாது. திரும்பக் குனிந்து, “இன்னும் ஒரு அரைச்சுத்து” என்று சொல்லிக்கொண்டே கடைசியாக ஒரு முறுக்கு முறுக்குவார். பத்துக்கு ஒன்பது தடவை அது நல்லதுக்குத்தான். பத்தாவது தடவை மரை கழன்று போகும். அந்தப் பத்தாவது வீட்டுக்காரர்களில் நானும் ஒருவன். இருந்தாலும் வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனசு வருவதில்லை.

நான் அவருக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் யாராவது இருமினால் என் வீட்டிலிருந்தே “தண்ணி குடிங்க” என்று சொல்லலாம், அவ்வளவு கனமான சுவர் அது. அதனால் அந்தப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, “ஐயோ அத்தை, நெட் வரலையே!” என்று அந்த வீட்டு மருமகள் அலறியது எனக்குச் சுத்தமாகக் கேட்டது. செருப்பைக்கூடப் போடாமல் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு என்ன நாள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். ஊரின் மறுகோடியில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். விடிவதற்குள் கிளம்புவாள், திரும்பி வரும்போது மூன்று வயது மகள் தூங்கியிருப்பாள். தூங்குகிற பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போவாள், தூங்குகிற பிள்ளைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டே வருவாள். பிள்ளையோடு இருக்க வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்தே செய்கிற ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். இணைய இணைப்புக் கொடுக்கிற கம்பெனி. “எங்க வீட்டுல நெட் வரலை” என்று ஜனங்கள் போன் செய்வார்கள்; என்ன கோளாறு என்று கேட்டுச் சொல்லிச் சரிசெய்ய வேண்டும். அதற்கான தேர்வும் நேர்காணலும் அன்று பதினொரு மணிக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரில், முகம் பார்த்து. இந்த முறை விட்டால் அடுத்து எப்போது ஆள் எடுப்பார்கள் என்று அந்தக் கம்பெனிக்கே தெரியாது.

ஒரே ஒரு நிபந்தனை: வைஃபை கூடாது, வயர்தான் வேண்டும். வேலை செய்யப்போகிற அதே அறையில், அதே இணைப்பில் தேர்வு எழுத வேண்டும்.

“வயர்தானே?” என்று மாமனார் எழுந்துவிட்டார், இரண்டு வாரத்துக்கு முன்பே. “குழாய்க்குள்ள தண்ணி ஓடுது, இதுக்குள்ள வேற என்னமோ ஓடுது. எதா இருந்தாலும் ஓட்டிக்கிட்டுப் போறது நம்ம வேல.” வாசல் அறை அலமாரியில் இருந்த ரூட்டரிலிருந்து நடைவழி வரைக்கும், நடைவழியிலிருந்து பின்னறை வரைக்கும், முழத்துக்கு ஒரு கிளாம்பு போட்டுச் சுவரோடு சுவராக இழுத்தார். நடைவழியில் பீரோவுக்கு மேலே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. எட்டு ஓட்டை உள்ளது, மகன் வாங்கி வைத்தது. ரூட்டரிலிருந்து வருகிற ஒரு வயரை அது பலதாகப் பிரித்துவிடும். அதிலிருந்து பின்னறைக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று. சாப்பாட்டு மேசையில் மகன் லேப்டாப் வைத்துக்கொள்ளும்போது மாட்ட இன்னொரு நீள வயர்; ஒரு முனை பெட்டியில் இருக்க, மிச்சம் சுருட்டிப் பீரோ மேலேயே கிடக்கும். வேலை முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கிளாம்புகூட நூல் பிசகவில்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

நான் உள்ளே போனபோது பின்னறையில் மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்காரக்கூட முடியவில்லை அவளால்.

“நேத்து சாயங்காலம்கூட நல்லா இருந்துச்சு அங்கிள். காலைல போட்டா, வயர் மாட்டியிருக்குன்னு காட்டுது, நெட் இல்லைன்னும் காட்டுது.”

“போன்ல வருதா?”

“வைஃபையும் இல்ல. பாப்பாவுக்குப் பொம்மைப்படம்கூட வரல.”

பாப்பா அதற்குச் சாட்சியாக இடுப்பில் கைவைத்துக்கொண்டு டிவி முன்னால் நின்றது. மாமியார் சமையலறையிலிருந்து வந்தார். இரண்டு வாரமாக மருமகள் உரக்கப் படித்ததைக் கேட்டுக் கேட்டு கம்பெனி தேர்வுக்காக அனுப்பியிருந்த நாற்பது பக்கப் பாடம் அவருக்குத் தலைகீழ்ப் பாடமாகியிருந்தது.

“மொதல்ல வயரப் பாத்தியா?”

“பாத்தேன் அத்தை.”

“வெளக்கு எரியுதா?”

“எரியுது அத்தை.”

“அணைச்சிட்டு முப்பது எண்ணிப் போட்டியா?”

“அறுபது எண்ணினேன்.”

“அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்றார் மாமியார். “அடுப்புல முட்டை வெந்துக்கிட்டிருக்கு.”

மகனைக் கேட்கலாம் என்றால் அவன் ஆஸ்பத்திரி நர்ஸ். பகல் ஷிஃப்டில் போன் லாக்கருக்குள் போய்விடும். அரைச்சுத்துக்காரர் சுவரில் காதை வைத்து வயரைத் தட்டிக்கொண்டு வந்தார். உள்ளே ஏதாவது ஓடுகிற சத்தம் கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

“அடைப்பும்மா. நடுவுல எங்கயோ அடைச்சிருக்கு.”

“இதுல அடைக்காது மாமா.”

“அடைக்காத குழாய் எங்கம்மா இருக்கு?”

இதற்குள் மாமியார் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். தம்பி எலக்ட்ரீஷியன், இரண்டு தெரு தள்ளி வீடு. மழை வருவதுபோல் ஊமைப் புழுக்கம். வேர்த்து வழிய, காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார்.

“மச்சான், இது கரண்ட் கோளாறு. எர்த் சரியில்ல.”

“எர்த்தாவது கிர்த்தாவது. அடைப்பு மாப்ள.”

“உங்களுக்குத் தலைவலி வந்தாலும் அடைப்புன்னுதான் சொல்லுவீங்க.”

“உனக்குக் கல்யாணத்துல மனஸ்தாபம் வந்தப்பகூட எர்த் சரியில்லன்னுதானே சொன்ன!”

“நல்ல வேள, நம்ம வீட்டுல தச்சன் இல்ல” என்று மாமியார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். “இருந்தா இந்நேரம் மேசைய இழைச்சிக்கிட்டிருப்பான்.”

மருமகள் சிரிக்கவில்லை. தனக்கு இணைப்புக் கொடுத்திருக்கிற கம்பெனிக்குப் போன் செய்தாள். அங்கே பேசிய பெண் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “ரெண்டாம் பக்கம்… மூணாம் பக்கம்…” என்று வாயை மட்டும் அசைத்தாள். ஏழாம் பக்கம் வரைக்கும் வந்து அந்தப் பெண், “உங்க ரூட்டர் வரைக்கும் எங்க லைன் நல்லாத்தான் இருக்கு மேடம். கோளாறு உங்க வீட்டுக்குள்ளதான். ஆள் அனுப்பட்டுமா? நாளைக்கு மத்தியானம் வருவாங்க” என்றாள்.

“நாளைக்கா?” என்றாள் மருமகள்.

மணி பத்தேகால். அடுத்த வேலை, கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய் வாசல் அறையில் ரூட்டரோடு நேராக மாட்டிப் பார்ப்பது. அரைச்சுத்துக்காரர் மானிட்டரை வாஷ்பேசினைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். தம்பி கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கினார். நான் கீபோர்டும் மவுசும். பாப்பா எங்கள் பின்னால் ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தது. எதற்கென்று யாரும் கேட்கவில்லை. புது வயர் ஒன்றை ரூட்டரில் நேராகச் சொருகினார்கள்.

அங்கேயும் இல்லை.

மருமகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “என் வீட்டு நெட்டையே என்னால சரிபண்ண முடியல. ஊரார் வீட்டு நெட்ட நான் எங்க சரிபண்ணப்போறேன்? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்ககிட்ட வேல கேக்குறது? பேசாம அந்த பஸ்ஸுலயே போய்ட்டு வந்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.”

அரைச்சுத்துக்காரர் முகம் சுருங்கிப்போனது. வயர் இழுத்தவர் அவர். அவர் இழுத்த லைனில் ஒன்று வரவில்லை என்றால், அது அவர் மரியாதை. அதைவிட, அந்தப் பெண் அழுதால் அவருக்குத் தாங்காது. மகளாகப் பிறக்காத குறைதான் என்று என்னிடமே பல முறை சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து மருமகளே தலையை நிமிர்த்தினாள். “மாமா, ஒரு வீட்டுல தண்ணி வீணாப் போகுது, ஆனா எங்கன்னு தெரியலன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“அதென்னம்மா பெரிய விஷயம். ஒவ்வொரு வால்வா மூடிக்கிட்டே வருவேன். எத மூடுனா நிக்குதோ, அந்த லைன்லதான் கசிவு.”

“பாடத்துலயும் முப்பத்தொண்ணாம் பக்கத்துல அதான் இருக்கு. எல்லாத்தையும் கழட்டு, ஒண்ணொண்ணா மாட்டு. ரொம்பச் சாதாரணமா இருக்கேன்னு நான்தான் தாண்டிப் போய்ட்டேன்.”

எழுந்துபோய், ரூட்டரிலிருந்து நடைவழிப் பெட்டிக்குப் போகிற வயரைப் பிடுங்கினாள். இரண்டு எண்ணுவதற்குள் கம்ப்யூட்டரில் நெட் வந்துவிட்டது.

“வந்துருச்சு!” என்று தம்பி கத்தினார். பாப்பா தலையணையைத் தூக்கி எறிந்தது. சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார்.

“பாத்தியா மாப்ள! கரண்டும் இல்ல கிரண்டும் இல்ல. எங்க வால்வு வைத்தியம்தான் பலிச்சிது” என்றார் அரைச்சுத்துக்காரர். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

“இங்கயே உக்காந்து எழுதிடேம்மா” என்றேன் நான்.

“முடியாது அங்கிள். கதவு மூடுற ரூம் வேணும். கேமராவச் சுத்திக் காட்டச் சொல்லுவாங்க. இங்க வாசல் தொறந்து கெடக்கு, தெருவே தெரியுது.” மணியைப் பார்த்தாள். பத்து முப்பத்தைந்து. “கோளாறு நடைவழிலதான். வாங்க.”

ஸ்டூல் போட்டு மாமனார் ஏறினார், பக்கத்தில் நாற்காலியில் மருமகள். டார்ச் என் கையில். பீரோவுக்கு மேல் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தால் பயமாக இருந்தது. ரூட்டரிலிருந்து வருகிற லைனைத்தான் பிடுங்கியாகிவிட்டதே. ஆனாலும் அதன் விளக்குகள் எல்லாம் ஒன்றாக, வெறி பிடித்ததுபோல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

மருமகள் டிவி வயரைப் பிடுங்கினாள். மற்ற விளக்குகள் அடங்கவில்லை. பின்னறை வயரைப் பிடுங்கினாள். அப்போதும் அடங்கவில்லை.

“இன்னும் ரெண்டு வெளக்கு எரியுதே. இது எங்க போற வயர் மாமா?”

“அது உன் வீட்டுக்காரன் லேப்டாப் வயரும்மா.”

“லேப்டாப்பு பீரோவுக்குள்ள இருக்கு. ஒண்ணுலயும் மாட்டாத வயருக்கு ஏன் மாமா வெளக்கு எரியணும்?”

அரைச்சுத்துக்காரர் அந்த வயரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். சுவருக்குள் போகிற பைப்பைத் தேடுகிற அதே நிதானம். வயர் பெட்டியிலிருந்து கிளம்பி, சுருளுக்குள் போய், ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று சுற்றி, வெளியே வந்து, பீரோ ஓரமாக நகர்ந்து, மறுபடியும் அதே பெட்டிக்குள் போய் நின்றது.

அவர் கையும் நின்றுவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் அவர் கழுத்து சிவந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

“என்ன மாமா?”

“காலைல…” என்றார். “காலைல வெள்ளன எந்திரிச்சேன். இன்னைக்கு நல்ல நாளு, எல்லாத்தையும் ஒருதரம் பாத்து வச்சிடுவோம்னு கிளாம்பெல்லாம் அரைச்சுத்து இறுக்கினேன். இந்தப் பெட்டில தூசியா இருந்துச்சு, தொடச்சேன். அப்பப் பாத்தா இந்த வயரோட நுனி வாயத் தொறந்துக்கிட்டுத் தொங்குது.”

“அதுக்கு?”

“நாப்பது வருஷமா எந்த வாயையும் நான் தொறந்து விட்டுட்டு வந்ததில்லம்மா. ஒண்ணு மூடி போடணும், இல்ல எதுலயாவது சேத்து விடணும். பக்கத்துல ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு. சொருகினேன். டிக்குனு உக்காந்துச்சு. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. எவ்வளவு திருப்தியா இருந்துச்சு தெரியுமா?”

தம்பி ஸ்விட்ச் போர்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமியாருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. “சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! காலைலேருந்து அடைப்பு அடைப்புன்னு சொவத்துல காத வச்சிக்கிட்டுத் திரிஞ்சீங்களே!”

“ரெண்டு முனையும் சேந்தா என்னம்மா தப்பு?” அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. “பெரிய கட்டடத்துல நாங்க லைன வட்டமாச் சுத்தி விடுவோம். ரெண்டு பக்கமும் தண்ணி வந்தா எல்லாருக்கும் ஒரே வேகத்துல கெடைக்கும்.”

“தண்ணிக்கு அது சரி மாமா. இதுக்குள்ள போறது சேதி. ஒரு சேதி ஒரு பக்கமாப் போய் இன்னொரு பக்கமா திரும்பி வருது. வந்தத இந்தப் பெட்டி புதுசுன்னு நெனச்சி எல்லாருக்கும் மறுபடியும் அனுப்புது. அது திரும்பவும் சுத்துது. ஒண்ணு பத்தாகி, பத்து லட்சமாகி, வேற யாரும் வாயத் தொறக்கவே முடியாது.”

“எங்க அக்காவும் மச்சானும் பேசிக்கிற மாதிரின்னு சொல்லு” என்றார் தம்பி. அக்கா கரண்டியை ஓங்கினார்.

“எடுங்க மாமா” என்றாள் மருமகள். “நீங்களே எடுங்க.”

அவர் அந்த நுனியைப் பிடுங்கினார். விளக்குகள் சட்டென்று அடங்கின. மற்ற வயர்களையெல்லாம் திரும்ப மாட்டியதும் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு, ஆளுக்கொரு பேச்சாக, நிதானமாகச் சிமிட்டத் தொடங்கின.

மணி பத்து நாற்பத்தெட்டு. அடுத்த பத்து நிமிஷம் அந்த வீட்டில் நடந்ததைக் கலவரம் என்றுதான் சொல்ல வேண்டும். மானிட்டர் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், நடுவில் பாப்பா. தம்பி தான் கழற்றிய ஸ்விட்ச் போர்டை மாட்டினார். மருமகள் முகம் கழுவி, தலை வாரினாள். மாமியார் வெந்த முட்டையை உரித்து, நடக்கிற மருமகளின் வாயிலேயே ஊட்டினார். பத்து ஐம்பத்தெட்டுக்கு நெட் வந்தது. பத்து ஐம்பத்தொன்பதுக்குக் கதவு மூடியது.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் முதல் முறையாகக் கேட்டேன். நாங்கள் நாலு பேரும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா மாமியார் மடியில் படுத்து விரல் சப்பிக்கொண்டிருந்தது. வெளியே மழை ஒருவழியாகப் பிடித்துப் பெய்தது. அரைச்சுத்துக்காரர் அந்தச் சுருள் வயரைப் பெட்டியிலிருந்து முழுதாகக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இரண்டு நுனிகளையும் இரண்டு கட்டைவிரலால் பொத்தியிருந்தார்.

“அதுலேருந்து ஒண்ணும் ஒழுகாதுங்க” என்று மாமியார் கிசுகிசுத்தார்.

“தெரியும்” என்றார். விரலை எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் பேச்சுச் சத்தம். ஓர் ஆண்குரலும் ஒரு பெண்குரலும் மாறி மாறிக் கேள்வி கேட்டன. இவள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னாள். இரண்டு இடத்தில், “தெரியலை சார்” என்றாள். ஒவ்வொரு “தெரியலை”க்கும் மாமனார் ஓர் அங்குலம் குனிந்தார். கடைசியாக அந்தப் பெண்குரல், “நீங்களே கண்டுபிடிச்சு சரிபண்ணின ஒரு கோளாறு சொல்லுங்க” என்றது.

“இன்னைக்குக் காலைல எங்க வீட்டுல நெட் வரல மேடம்” என்று ஆரம்பித்தாள்.

அரைச்சுத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. ரூட்டரில் நேராக மாட்டியது, ஒவ்வொன்றாகக் கழற்றியது, சுருள் வயர், எல்லாம் சொன்னாள். உள்ளே இரண்டு குரலும் விழுந்து விழுந்து சிரித்தன. தம்பிகூட இப்போது சிரிக்கவில்லை. மச்சானின் முழங்காலில் கையை வைத்தார்.

“ஆனா அவர் மேல தப்பு இல்ல மேடம்” என்றாள் மருமகள். குரலில் தயக்கமெல்லாம் போயிருந்தது. “எங்க மாமா குழாய் வேலை செய்றவர். தொறந்த வாய மூடுறதுதான் அவர் தொழில்ல ஒழுங்கு. நான்தான் கேக்காம விட்டுட்டேன். வயரப் பாரு, வெளக்கப் பாருன்னு பாடத்துல இருக்கு. நேத்து நல்லா இருந்தது இன்னைக்கு ஏன் இல்ல, நடுவுல யாரு கை வச்சாங்கன்னு கேக்கணும்னு தோணல. அதையும் திட்டுற மாதிரி கேக்கக் கூடாது. திட்டுனா யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க மாமா ஒளிக்காம சொன்னாரு, அதனாலதான் இப்ப உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்.”

உள்ளே சிரிப்பு நின்றது. ஏதோ எழுதுகிற சத்தம். அரைச்சுத்துக்காரர் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் கன்னத்தில் வழிந்ததை நான் பார்த்தேன். பார்க்காததுபோல் மழையைப் பார்த்தேன்.

பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. மருமகள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

“வரச் சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் மொத திங்கக்கிழமை, காலைல எட்டு மணிக்கு.”

“வரச் சொல்லிட்டாங்களா?” மாமியாருக்கு முகம் விழுந்துவிட்டது. “எங்க? மறுபடியும் பஸ்ஸா?”

“இல்ல அத்தை” என்று திரும்பிக் கையை நீட்டினாள். “அந்த நாற்காலிக்கு.”

அப்புறம் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. தம்பி என்னைக் கட்டிக்கொண்டார், அது மட்டும் நினைவிருக்கிறது. டெஸ்டர் என் காதைக் குத்தியது.

அடுத்த மாதம் முதல் திங்கள்கிழமை எட்டரை மணிக்கு, எப்படிப் போகிறது என்று பார்க்கலாம் என்று போனேன். நடைவழியில் அரைச்சுத்துக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து, யாரும் பீரோ பக்கம் போய்விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார், தன்னையும் சேர்த்து. அப்போதுதான் பாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தது. பின்னறையில் பேச்சுக்குரல் கேட்டதும் கதவைக் கொஞ்சமாகத் தள்ளி எட்டிப் பார்த்தது. சத்தம் போடாமல் சமையலறைக்கு ஓடியது.

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமயா?”

“இல்லடா கண்ணு, திங்கக்கெழம” என்றார் மாமியார்.

குழந்தை நம்பவில்லை. திரும்பப் போய், இன்னொரு முறை கதவைத் தள்ளிப் பார்த்தது. அம்மா அங்கேயேதான் இருந்தாள்.